சராசரியில் தொலையும் பிள்ளைகள்

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் எப்படியாவது 35 எடுத்துக் கரையேற வேண்டும் என்று தவிக்கும் மாணவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் உபாயம் ஒன்று உண்டு: “முதல்ல ஜியோமெட்ரியும் கிராஃபும் போட்டுப் பழகு, மத்ததெல்லாம் அப்புறம்.” வினாத்தாளின் கடைசிப் பகுதியில் வரும் இந்த இரண்டுக்கும் தலா 8 மதிப்பெண். இரண்டும் சேர்ந்து 16. ஒரு மதிப்பெண் வினாக்களில் பத்தும் இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஐந்தும் தேறிவிட்டால் பாஸ். பெரிதாக யோசிக்க வேண்டாம், ஸ்கேலும் காம்பஸும் சொன்னபடி போனால் போதும் என்பது நம்பிக்கை. மெல்லக் கற்போருக்கான மாலை வகுப்புகளில் முதலில் எடுப்பதே இந்த இரண்டைத்தான்.

சில பிள்ளைகளிடம் இந்த உபாயம் தலைகீழாகிவிடுகிறது. பித்தகோரஸ் தேற்றத்தை நிரூபணத்தோடு வாய்விட்டுச் சொல்லும் பிள்ளை அது. சமன்பாட்டுக்கு உரிய எக்ஸ், ஒய் மதிப்புகளை அட்டவணையில் பிழையில்லாமல் எழுதிவிடும். அந்தப் புள்ளிகளை கிராஃப் தாளில் வைக்கப் போகும்போதுதான் வினை. இடது பக்கம் போக வேண்டிய புள்ளி கீழே போய் உட்காரும். அச்சுகள் தாளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, அளவுத்திட்டம் எழுத இடமில்லாமல் போகும். வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் படிகளை ஒன்று, இரண்டு என்று அழகாக எழுதியிருக்கும். படம் இருக்க வேண்டிய இடத்திலோ அழித்து அழித்துத் தாள் கிழிந்திருக்கும். “இவ்வளவு எழுதத் தெரிஞ்சவளுக்கு ஒரு வட்டம் போட வரலையா? திமிரு” என்பதுதான் பெரும்பாலும் ஆசிரியர் எடுக்கும் முடிவு.

வீட்டிலும் இதே வழக்குதான். நாலு வயதில் பேருந்துப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து உறவினர்களை வாய்பிளக்க வைத்த பிள்ளைக்கு, பத்து வயதிலும் ஷூ லேஸ் கட்ட வராது. முள் கடிகாரம் பார்த்து மணி சொல்லத் தெரியாது. சட்டையில் ஒரு பொத்தான் தள்ளிப் போட்டிருக்கும். கடைக்கு அனுப்பினால் போகும், வரும்போது வேறு சந்தில் நிற்கும். மதிப்பெண் குறைந்த விடைத்தாளை நீட்டியபடி டீச்சர் “பிரமாதம்மா” என்றால், நிஜமாகவே பாராட்டுகிறார் என்று நினைத்து “தேங்க்ஸ் மிஸ்” என்று சொல்லும். வகுப்பே சிரிக்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதும் அதற்குப் புரியாது. “வாய் மட்டும் வக்கணையா இருக்கு, கையில ஒரு வேலை வணங்க மாட்டேங்குது” என்று பாட்டி அலுத்துக்கொள்வார். பாட்டியின் அந்த அவதானிப்பு மருத்துவக் கண்ணோடு பார்த்தாலும் துல்லியமானது. நரம்பு உளவியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஏறக்குறைய இதைத்தான் சொல்லிவருகிறார்கள்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோரிஸ் ஜான்சனும் ஹெல்மர் மைக்கல்பஸ்ட்டும் கற்றல் குறைபாடுகள் பற்றி 1967-இல் ஒரு நூல் எழுதினார்கள். பேச்சிலும் வாசிப்பிலும் குறையில்லாமல், இடம், திசை, உருவம், முகக்குறிப்பு, குரலின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றைப் புரிந்துகொள்வதில் தடுமாறும் குழந்தைகளை அதில் தனியாக அடையாளம் காட்டினார்கள். பிறகு கனடாவின் விண்ட்சர் பல்கலைக்கழகத்தில் பைரன் ரூர்க் இதையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். மூளையின் பகுதிகளை இணைக்கும் வெண்பொருளில் ஏற்படும் கோளாறே இதற்கு வேர் என்பது அவருடைய கருதுகோள். 1989-இல் வந்த அவருடைய நூல் அதை விரிவாக முன்வைத்தது. ‘நான்வெர்பல் லேர்னிங் டிஸெபிலிட்டி’, சுருக்கமாக என்.வி.எல்.டி., என்ற பெயர் இப்படித்தான் நிலைத்தது. பேச்சே வராத ஆட்டிசக் குழந்தைகளையும் நம்மூர் மருத்துவமனைகளில் ‘நான்வெர்பல்’ என்றே குறிப்பிடுவதால், இந்தப் பெயரை முதல்முறை கேட்கும் பெற்றோர் திகைத்துப்போகிறார்கள். இவர்கள் பிள்ளையோ பேசி ஓயாத பிள்ளை.

இது எங்கோ ஓரிருவருக்கு வரும் அபூர்வமும் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏமி மார்கோலிஸ் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வட அமெரிக்கக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 முதல் 4 பேரிடம் இந்தச் சிக்கல் இருக்கலாம். அமெரிக்காவில் மட்டும் 22 லட்சம் முதல் 29 லட்சம் குழந்தைகள் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இத்தனை பேர் இருந்தும், உலகமெங்கும் மனநல மருத்துவர்கள் கைக்கொள்ளும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டில் இதற்கு இடமில்லை. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இல்லை. 2022-இல் வந்த திருத்தப் பதிப்பிலும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. பட்டியலிலும் இந்தப் பெயரில் ஒரு குறியீடு கிடையாது.

பக்கத்து வீட்டு எண்

மருத்துவத்தில் ஒரு நிலைக்குப் பெயர் இருந்தால் மட்டும் போதாது, எண்ணும் வேண்டும். பதிவேடு, காப்பீடு, புள்ளிவிவரம், அரசுத் திட்டம் எல்லாம் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கின்றன. ஐ.சி.டி.-யின் பத்தாம் பதிப்பைப் புரட்டினால், பள்ளிப் படிப்பு சார்ந்த வளர்ச்சிக் குறைபாடுகள் எஃப் 81 என்ற தலைப்பின் கீழ் வரும். வாசிப்புக்கு எஃப் 81.0, எழுத்துக்கூட்டலுக்கு 81.1, கணக்குக்கு 81.2, கலவைக்கு 81.3, ‘மற்றவை’க்கு 81.8, ‘வரையறுக்கப்படாதது’க்கு 81.9. கை, கால் ஒருங்கிணைப்புக் கோளாறு எஃப் 82. ஆட்டிசமும் அதன் உறவுகளும் எஃப் 84.

என்.வி.எல்.டி. உள்ள பிள்ளையோடு வரும் பெற்றோரிடம் மருத்துவர் என்ன செய்வார்? தன் வீட்டுக்குக் கதவு எண்ணே இல்லாதவர் தபாலுக்குப் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுப்பாரே, அதைத்தான் செய்வார். கணக்கில் பின்தங்கியிருக்கிறதா, எஃப் 81.2. கை வேலை வரவில்லையா, எஃப் 82. வகுப்பில் நிலைகொள்ளவில்லையா, கவனக்குறைபாட்டுக்கான எஃப் 90. பள்ளிக்குப் போகப் பயந்து காலையில் வயிற்றுவலி என்கிறதா, பதற்றத்துக்கான எஃப் 41. நண்பர்கள் இல்லையா, எஃப் 84. ஒரே பிள்ளை ஐந்து மருத்துவர்களிடம் போனால் ஐந்து எண்களோடு திரும்பி வர வாய்ப்பிருக்கிறது. இதில் எந்த மருத்துவரையும் பொய் சொன்னார் என்று பழிக்க முடியாது. ஒவ்வொருவரும் கண்ணில் பட்டதை எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்க வேண்டுமென்றால் ஏதோ ஓர் எண் இருந்தே தீர வேண்டும் என்பதால், அங்கே இந்த இரவல் வழக்கம் இன்னும் அதிகம்.

சிக்கல் அடுத்து வருகிறது. சிகிச்சை பிள்ளையைப் பின்தொடர்வதில்லை, எண்ணைப் பின்தொடர்கிறது. எஃப் 90 என்றால் மாத்திரை. எஃப் 41 என்றால் கவுன்சலிங். எஃப் 84 என்றால் நடத்தைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி. பேச்சில் கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்து, மாதக்கணக்கில் பணம் கட்டிவிட்டு, ‘முன்னேற்றம் இல்லை’ என்று பெற்றோர் உட்கார்ந்திருப்பார்கள். கிராஃப் தாளில் கண்ணை எங்கே வைப்பது, சிரிக்கிற முகத்தில் எது கேலி, எது அன்பு என்பதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எந்த எண்ணும் யாரிடமும் சொல்லாது.

ஆட்டிசத்தோடு இது குழம்புவதற்கு நியாயமான காரணம் உண்டு. பழைய ‘ஆஸ்பெர்கர்’ நிலையும் என்.வி.எல்.டி.-யும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்று 1990களிலேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2013-இல் டி.எஸ்.எம். ஆஸ்பெர்கரைத் தனிப் பெயராக வைத்திருப்பதை விட்டுவிட்டு ஆட்டிச வரிசைக்குள் கரைத்தது. அதே பதிப்பில் ‘சமூகத் தொடர்பாடல் குறைபாடு’ என்று ஒரு புதிய பெயரைச் சேர்த்தது. ஐ.சி.டி.-யின் அமெரிக்கப் பட்டியலில் 2016 அக்டோபரிலிருந்து அதற்கு எஃப் 80.82 என்று தனி எண்ணும் கிடைத்தது. என்.வி.எல்.டி. பிள்ளைகளின் பெற்றோர் பலர் இதையே தங்கள் வீட்டு எண்ணாக எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. அந்தப் புதிய பெயர் மொழியைச் சூழலுக்கேற்பப் பயன்படுத்தத் தடுமாறுகிறவர்களுக்கானது. கிராஃப் தாளும் ஷூ லேஸும் அதில் எங்கும் வராது. ஆட்டிசத்துக்குரிய திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களோ, ஒன்றே ஒன்றின் மேலான தீவிர ஈடுபாடோ பல என்.வி.எல்.டி. பிள்ளைகளிடம் இல்லை. அவர்களுக்கு நண்பர்கள் வேண்டும், ஆசையோடு வலியப் போவார்கள். எதிரே இருப்பவரின் முகம் சலித்துவிட்டதைப் பார்க்கத் தெரியாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

அமெரிக்கப் பட்டியலில் ஆர் 41.842 என்று ஓர் எண் இருக்கிறது. ‘பார்வை சார்ந்த இட உணர்வுக் குறை’ என்பது அதன் பொருள். கேட்டால் இதற்காகவே செய்த மாதிரி இருக்கும். அது நோய்களின் பகுதியில் இல்லை, அறிகுறிகளின் பகுதியில் இருக்கிறது. காய்ச்சல், தலைசுற்றல் வரிசையில் எழுதப்படும் ஒன்றை வைத்துக்கொண்டு பள்ளியில் சலுகை கேட்டால் யார் தருவார்கள்?

85-க்கும் 70-க்கும் நடுவே

இந்தியாவில் குழந்தைகளின் கற்றல் சிக்கலுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரிதாகப் பணம் தருவதில்லை என்பதால், குறியீட்டுச் சண்டை இங்கே அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. இங்கே அந்த வேலையைச் செய்வது சான்றிதழ். 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முந்தைய 1995 சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ முதல்முறையாக அந்தப் பட்டியலில் ஏறியது. ஆமிர் கானின் ‘தாரே ஜமீன் பர்’ 2007-இல் வெளிவந்த பிறகு ‘டிஸ்லெக்ஸியா’ என்ற சொல் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்திருந்தது. சட்டம் அதற்கு அரசு முத்திரை குத்தியது. நல்ல காரியம்தான். ஆனால் படம் பதித்துவிட்டுப் போன பிம்பமும் சட்டத்தோடு சேர்ந்தே வந்தது. கற்றல் குறைபாடு என்றால் எழுத்து நடனமாட வேண்டும், ‘பி’யும் ‘டி’யும் இடம் மாற வேண்டும்.

இந்தப் பிம்பம் நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி, மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியர் முதல்கட்டமாகச் சலித்துப் பார்க்க வேண்டும். என்.வி.எல்.டி. பிள்ளை மூன்றாம் வகுப்பில் எப்படி இருக்கும்? வகுப்பிலேயே நன்றாக வாசிப்பது அதுவாக இருக்கும். இறைவணக்கக் கூட்டத்தில் திருக்குறள் சொல்ல மேடையேறுவதும் அதுவாக இருக்கும். கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி இருந்தாலும், ‘எழுத எழுதச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவார்கள். சலிப்பதற்கான தாளில் எல்லாக் கட்டங்களிலும் ‘இல்லை’ என்றே விழும். ஆறாம் வகுப்புக்கு மேல், பல இலக்க வகுத்தலும் வரைபடமும் வடிவியலும் வந்து, சொல்லிக்கொடுக்காத சமூக விதிகளை நண்பர்கள் எதிர்பார்க்கத் தொடங்கும்போதுதான் பிள்ளை சரிகிறது. அதுவரை நன்றாகப் படித்த பிள்ளை என்பதால் அந்தச் சரிவுக்குப் பெயர் ‘சோம்பேறித்தனம்’ அல்லது ‘வயசுக் கோளாறு’.

அப்படியே யாராவது கவனித்துப் பரிசோதனைக்கு அனுப்பினாலும், அங்கே காத்திருப்பது ஒரு சராசரி. நம்மூர் மனநலப் பிரிவுகளில் இன்றும் புழங்கும் நுண்ணறிவுச் சோதனை, நாக்பூரில் பணியாற்றிய ஆர்தர் மாலின் 1969-இல் வெஷ்லர் சோதனையை இந்தியக் குழந்தைகளுக்காகத் தழுவியமைத்தது. ‘மிசிக்’ என்று சொல்வார்கள். அதில் இரண்டு பாதி உண்டு. ஒன்று வாய்மொழி: பொதுஅறிவு, சொற்பொருள், ஒப்புமை போன்றவை. மற்றது செயல்: படத்தில் விட்டுப்போனதைச் சொல்வது, சிவப்பு–வெள்ளைக் கட்டைகளை அடுக்கி மாதிரிப் படத்தைப் போலவே அமைப்பது, சிக்குவழியில் வழி கண்டுபிடிப்பது போன்றவை. இரண்டுக்கும் தனித்தனி எண் வரும். அவற்றின் சராசரியே ‘ஐ.க்யூ.’ என்று அறிக்கையில் பெரிதாக அச்சாகும்.

ஓர் உதாரணத்துக்கு வாய்மொழி 118, செயல் 84 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 101. ‘நுண்ணறிவு இயல்பானது, பெற்றோர் கவலைப்படத் தேவையில்லை’ என்று அறிக்கை முடியும். 34 புள்ளி இடைவெளியில்தான் பிள்ளையின் முழுக்கதையும் இருக்கிறது. அறிக்கையோ அதைக் கூட்டி இரண்டால் வகுத்துத் துடைத்துவிட்டது. அந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவில் உள்ள பெரிய இடைவெளியைத்தான் ரூர்க் முதல் பலரும் என்.வி.எல்.டி.-யின் முக்கியத் தடயமாகப் பார்த்தார்கள். அது மட்டுமே போதும் என்று இன்று யாரும் சொல்வதில்லை. வெஷ்லர் சோதனைகளின் புதிய பதிப்புகள் இந்த இரட்டைப் பாகுபாட்டையே கைவிட்டு, 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இட உணர்வுக்குத் தனிக் குறியெண்ணே வைத்திருக்கின்றன. நம்மிடம் இருப்பதோ பழைய கருவி. அந்தப் பழைய கருவி கொடுக்கும் தடயத்தையும் நாம் படிப்பதில்லை என்பதுதான் என் குறை.

இதைவிட மோசமான உதாரணமும் உண்டு. வாய்மொழி 104, செயல் 60 என்று வந்தால் சராசரி 82. 2018 வழிகாட்டுதலின்படி நுண்ணறிவு 85-க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுக்கான அடுத்த கட்டச் சோதனையே. 82-க்கு அந்தக் கதவு திறக்காது. அறிவுசார் குறைபாட்டுக்கான எல்லை பொதுவாக 70 என்பதால் அந்தக் கதவும் திறக்காது. ‘பார்டர்லைன்’ என்று எழுதி அனுப்புவார்கள். அந்தச் சொல்லுக்கு எந்தச் சலுகையும் இல்லை, எந்த அலுவலகமும் இல்லை. நூற்றுக்கு மேல் பேச்சறிவு உள்ள ஒரு பிள்ளை, தன்னுடைய இன்னொரு பாதி தன்னைக் கீழே இழுத்ததால், ‘மந்தம்’ என்ற பேரோடு வீடு திரும்பும்.

கதவு திறந்து உள்ளே போனவர்களுக்குக் கிடைப்பதையும் பார்த்துவிடலாம். கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு. டிஸ்லெக்ஸியா பிள்ளைக்கு இவை உயிர்காக்கும் சலுகைகள். பல ஆண்டுகள் போராடிப் பெற்றவை, யாரும் தொடக்கூடாதவை. என்.வி.எல்.டி. பிள்ளைக்கோ மொழிப்பாடம்தான் மதிப்பெண் கொட்டும் ஒரே இடம், அதிலிருந்து விலக்கு தருகிறோம். பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்குப் படம் சார்ந்த வினாக்களுக்குப் பதிலாக மாற்று வினா தரும் வழக்கம் சி.பி.எஸ்.இ.-யில் இருக்கிறது. வரைவதற்குப் பதிலாக வரையும் படிகளை எழுதச் சொல்லும் ஒரு வினாவை இந்தப் பிள்ளைக்கும் தரலாம் என்று யோசிக்க, முதலில் இப்படி ஒரு பிள்ளை இருப்பது தேர்வுத்துறைக்குத் தெரிய வேண்டும்.

சட்டத்தில் இடம் இல்லையா என்றால், இருக்கிறது. 2016 சட்டத்தின் அட்டவணையை மெனக்கெட்டுப் படித்தால் ஒன்று தெரியும். கற்றல் குறைபாட்டுக்கான வரையறை ‘பேசும் அல்லது எழுதும் மொழியைக் கையாள்வதில் உள்ள குறை’ என்றுதான் தொடங்குகிறது. ஆனால் அது உள்ளடக்கும் நிலைகளைச் சொல்லிக்கொண்டு வரும்போது முதலில் வைப்பது ‘புலனுணர்வுக் குறைபாடுகள்’. அதன்பின் டிஸ்லெக்ஸியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா, டிஸ்பிராக்ஸியா, வளர்ச்சிசார் அஃபேசியா. மொழியில் தொடங்குவதும், புலனுணர்வை முதலில் வைப்பதும் அமெரிக்கக் கல்விச் சட்டத்தின் வரையறையில் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் வாசகத்தின் சாயல்தான். எங்கிருந்து வந்திருந்தாலும் அது இப்போது நம் சட்டம். 2024-இல் மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள் திருத்தப்பட்ட பிறகும் அட்டவணையின் இந்த வரையறை அப்படியேதான் இருக்கிறது. மருத்துவக் குழுக்கள் ‘புலனுணர்வுக் குறைபாடு’ என்ற சொல்லைத் தாண்டிக் குதித்து நேரே டிஸ்லெக்ஸியாவுக்குப் போய்விடுவதுதான் வழக்கம். பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பில் பார்வையும் கையும் இணைந்து வேலை செய்வதைச் சோதிக்கும் பகுதியும் இருக்கிறது. ஆக, சோதனை பார்க்கிறது, சட்டமும் சொல்கிறது, நடுவில் சான்றிதழை எழுதும் கைதான் தயங்குகிறது.

குறைபாடு 40 சதவீதமாவது இருந்தால்தான் சலுகை என்று நடக்கும் வாதத்தையும் உச்ச நீதிமன்றம் 2021-இல் இரண்டு வழக்குகளில் தீர்த்துவைத்தது. முதலாவது, எழுதும்போது கை விரல்கள் இழுத்துக்கொள்ளும் நரம்புச் சிக்கல் உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுத ஆள் கேட்டது. இரண்டாவது, டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்டது. இட ஒதுக்கீட்டுக்குத்தான் 40 சதவீத அளவுகோல். தேர்வெழுத நியாயமான வசதி கேட்பதற்கு அந்த அளவுகோல் தேவையில்லை என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பள்ளிகளில் பாதிப் பேருக்கு இது இன்னும் எட்டவில்லை என்பது தனிப் புலம்பல்.

எண்ணுக்கு அவசரப்பட வேண்டாம்

இதற்கெல்லாம் ஒரே தீர்வு என்.வி.எல்.டி.-க்குத் தனிக் குறியீடு வாங்குவதுதான் என்று வாதிடுவோர் உண்டு. கொலம்பியா குழுவினர் பெயரையே ‘வளர்ச்சிசார் பார்வை–இட உணர்வுக் குறைபாடு’ என்று மாற்றி, டி.எஸ்.எம்.-இல் சேர்க்க முயன்றுவருகிறார்கள். பெயர் மாற்றம் புத்திசாலித்தனமானது. இட உணர்வுக் குறையை மையமாக வைத்து, அதோடு நுண்ணிய கைவேலை, கணக்கு, பார்வை சார்ந்த திட்டமிடல், சமூகத் திறன் ஆகிய நான்கில் இரண்டிலாவது சிரமம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த அளவுகோல். நண்பர்கள் இல்லாதது கட்டாயமில்லை. ஆட்டிசத்தோடு நடந்த எல்லைத் தகராறில் பெரும்பகுதி இதனால் ஓய்ந்துவிடும்.

ஆனாலும் கையேட்டுக் குழுவின் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ரூர்க்கின் பட்டியல் மிகப் பெரியது. தொடுவுணர்வு முதல் தோழமை வரை எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டியது. ஆய்வாளர்கள் ஆளுக்கொரு வரையறையை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கூட்டத்தை ஆராய்ந்தார்கள். வரையறை நிலைபெறாத ஒன்றுக்கு எண் கொடுத்துவிட்டால், அடுத்த பத்தாண்டில் கைவேலை வராத ஒவ்வொரு பிள்ளையும் நோயாளி ஆகிவிடும். அதற்கென்றே பயிற்சி மையங்கள் தெருவுக்குத் தெரு முளைக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எனவே என் வாதம் குறியீட்டைப் பற்றியதே இல்லை. ஐ.சி.டி.-யின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் கற்றல் குறைபாடு 6ஏ03. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுக்கு அடுத்து 6ஏ03.3 என்று ‘குறிப்பிடப்பட்ட பிற கற்றல் குறை’க்கு ஓர் இடம் இருக்கிறது. குறிப்பிடப்பட்ட என்பதுதான் அதன் நிபந்தனை. என்ன குறை என்று மருத்துவர் தன் கையால் எழுத வேண்டும். எண்ணை எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. அதனாலேயே அவசரத்தில் இருக்கும் மருத்துவர்கள் அதைத் தொடுவதில்லை. ‘வரையறுக்கப்படாதது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது சுலபம்.

நான் பார்த்த உளவியல் அறிக்கைகள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. சோதனையின் பெயர், பெற்ற மதிப்பெண், கீழே ஒரு வரி முடிவு, ‘சிறப்புக் கல்வி பரிந்துரைக்கப்படுகிறது’. எந்தப் பிள்ளைக்கும் எடுத்துக் கொடுக்கலாம், பெயரை மட்டும் மாற்றினால் போதும். கட்டை அடுக்கும்போது அந்தப் பிள்ளை என்ன செய்தது என்பதை யாரும் எழுதுவதில்லை. நாலு கட்டை வரைக்கும் சமாளித்துவிட்டு, ஒன்பது கட்டை வந்ததும் சதுரத்தின் வெளிக்கோடே கலைந்துபோயிருக்கும். ‘மேல இடது மூலையில முழுச் சிவப்பு, பக்கத்துல பாதி வெள்ளை’ என்று சோதிப்பவர் வாயால் சொல்லிக்கொண்டே போனால், அதே பிள்ளை அதை அடுக்கி முடித்துவிடும். சோதனையின் விதிப்படி இந்த உதவிக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் வகுப்பாசிரியருக்குத் தெரிய வேண்டியதே இந்த ஒன்றுதான்: இந்தப் பிள்ளை கண்ணால் கற்காது, காதால் கற்கும். ரே உருவம் என்று ஒரு சோதனை உண்டு. பல கோடுகளும் வட்டமும் முக்கோணமும் கலந்த ஒரு சிக்கலான படத்தைப் பார்த்து வரையச் சொல்வார்கள். மற்ற பிள்ளைகளில் பலர் முதலில் பெரிய செவ்வகத்தைப் போட்டுவிட்டு உள்ளே நிரப்புவார்கள். இவர்கள் ஒரு மூலையிலிருக்கும் சின்னச் சிலுவையில் தொடங்கி, துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டே போய், தாளுக்கு வெளியே போய்விடுவார்கள். எத்தனை மதிப்பெண் என்பதைவிட எங்கே தொடங்கியது என்பது முக்கியம். அதை எழுத இரண்டு வரி போதும்.

இப்படி எழுதப்பட்ட அறிக்கையிலிருந்து பள்ளிக்கான ஆலோசனை தானாகவே வரும். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்வதற்குப் பதில் அச்சிட்ட தாளைக் கொடுங்கள். கணக்கு நோட்டுக்குக் கட்டம் போட்ட தாள், ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். மேப்பைக் காட்டி ‘இங்கே பார்’ என்னாமல், ‘சென்னைக்கு வடக்கே எண்ணூர், தெற்கே மாமல்லபுரம்’ என்று சொற்களில் வரிசையாகச் சொல்லிக்கொடுங்கள். கிண்டலாகப் பேசாதீர்கள், பேசினால் ‘இது கிண்டல்’ என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இதில் எதற்கும் அரசாணை வேண்டாம், பணமும் பெரிதாக வேண்டாம்.

வேண்டியிருப்பது நேரம். அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில், வரிசை வாசல்வரை நிற்கும்போது, ஒரு பிள்ளையோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கட்டை அடுக்கச் சொல்லிப் பார்ப்பது மருத்துவ உளவியலாளருக்கு ஆடம்பரம். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற உளவியலாளர்கள் மாவட்டத் தலைநகரங்களில்கூடப் போதிய எண்ணிக்கையில் இல்லை. தனியாரிடம் போனால் கட்டணம் கட்டக்கூடியவர்கள் மட்டும் விரிவான அறிக்கையோடு வெளியே வருவார்கள். 8 வயதில் ஒரு முறை, 14-இல் ஒரு முறை, 18-இல் ஒரு முறை என்று சான்றிதழைப் புதுப்பிக்கச் சொன்ன 2018 வழிகாட்டுதல், ஒவ்வொரு முறையும் அந்தச் சோதனையைச் செய்து தர ஆட்களை எங்கிருந்து கொண்டுவருவது என்று சொல்லவில்லை. 18-இல் கிடைப்பதுதான் ஆயுள் முழுக்கச் செல்லும். அதைத் தவறவிட்டவர்கள் பொறியியல் முதலாண்டில் கிராஃபிக்ஸ் தாளில் அரியர் வைத்து, ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட முடியாமல் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் வயதில், எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது என்றே தெரியாமல் இருக்கிறார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்களில் கூடும் மருத்துவக் குழுவில், கற்றல் குறைபாட்டுக்கென்று வாரம் ஒரு நாளாவது முழுநேர உளவியலாளரை உட்கார வைக்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் படிவத்தில் ‘ஐ.க்யூ.’ என்ற ஒற்றைக் கட்டத்துக்குப் பதிலாக வாய்மொழிக்கும் செயலுக்கும் இரண்டு கட்டங்களும், கீழே ‘எப்படிச் செய்தது’ என்று எழுத அரைப் பக்கமும் விட வேண்டும். இப்போதைக்குக் கேட்க வேண்டியது இவ்வளவுதான்.